உதடு அசைந்தால் போதும்

எங்கள் டிவி தொடரில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. எனக்குக் குரல் கொடுக்க வேறொரு பெண் இருக்கிறாள். படப்பிடிப்பில் உதவி இயக்குநர் ஒருத்தி கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கப் படிப்பாள்; நான் அதை அப்படியே திருப்பிச் சொல்வேன். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம். முந்நூறு எபிசோடாக ரேடியோ சொன்னதையெல்லாம் சொல்லிப் பழகிய வாய் இது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். படித்துக் கிழித்தது இதற்குத்தான்.

அன்று காலை வந்த வசனத்தாளில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். என்னைக் கடத்தி ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கும் கதாநாயகன் கதவைத் திறக்கிறான். நான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும்: "இவ்வளவு கோபம் வருதுன்னா, என் மேல எவ்வளவு பாசம் இருக்கணும்."

இதை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். நான்கு நாளைக்கு முன்னால், என் தங்கையின் வாயால். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். முழங்கைக்குக் கீழே நான்கு விரல் பதிந்து நீலம் பாரித்திருந்தது.

"யார்டி புடிச்சது?"

"என் ஆளுதான். வேற பையன்கிட்ட நோட்ஸ் வாங்கினேன்னு கோபம். அவ்வளவு கோபம் வருதுன்னா எவ்வளவு பாசம் இருக்கணும், நீயே சொல்லுக்கா."

"அறைஞ்சேன்னா தெரியும்."

"உனக்கு மட்டும் புடிக்கலாமா? உன் ஹீரோ உன் போனைப் புடுங்கி எறிஞ்சப்போ நீ அவனை எப்படிப் பாத்த? அந்தப் பார்வையை நான் இருபது தடவை ஓட்டி ஓட்டிப் பாத்திருக்கேன்."

வசனத்தைத்தான் ரேடியோ படிப்பாள். பார்வையை யாரும் படித்துக் காட்டுவதில்லை. அது என்னுடையது. ஒருவன் எனக்காகச் சாமான்களைப் போட்டு உடைத்தபோது, நடிப்புதான் என்று தெரிந்தும் உள்ளுக்குள் ஜிவ்வென்றுதான் இருந்தது. அந்த ஜிவ்வைத்தான் என் தங்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அதே ஸ்டோர் ரூமில்தான் என்னை மறந்து விட்டார்கள். நிஜமான அறை, வெளிப்பக்கம் நிஜமான தாழ்ப்பாள். காட்சி முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நாற்பது நிமிடம். தொண்டை கிழியக் கத்தினேன். ஒத்திகை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்களாம். "சூப்பரா இருந்துச்சு மேடம்" என்று லைட்மேன் வேறு பாராட்டினார். அன்றிலிருந்து குளியலறைக் கதவைக்கூட நான் தாழிடுவதில்லை.

தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"சார், இந்த வரி வேணாமே. பூட்டி வெச்சவனை யாராவது கட்டிப்பிடிப்பாங்களா?"

"ஊரே இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருக்கு."

"எங்க வீட்லயும் ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா சார். அதான் பயமா இருக்கு."

"பாத்தியா, வீட்டு ஆடியன்ஸே இருக்கு." சிரித்தார். "புடிக்கலைன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணு. உதடு அசைஞ்சா போதும். மிச்சத்தை டப்பிங்ல பாத்துக்கலாம்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தயாரிப்பு மேனேஜர் நிமிராமலே சொன்னார்: "இவருக்குப் பதில் இவர்னு ஒரு கார்டு போட எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா மேடம்? நாலு செகண்ட்."

மதியம் தங்கை ஷூட்டிங் பார்க்க வந்தாள். அவனோடு வந்தாள். "வணக்கம்க்கா" என்றான். பணிவான முகம். அவளுடைய போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. மானிட்டருக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டார்கள். அவள் உட்கார எழுந்திருக்க எல்லாவற்றுக்கும் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

என்னை உள்ளே அனுப்பித் தாழ் போட்டார்கள். இருட்டில் எனக்கு மூச்சு முட்டியது. கதாநாயகனாக நடிப்பவர் வெளியிலிருந்து, "மேடம், சீக்கிரம் திறந்துடறேன், பயப்படாதீங்க" என்றார். நிஜத்தில் எறும்புக்கும் வழிவிடுகிற மனிதர். அவரிடம் எனக்குப் பயமில்லை. என் வாயிடம்தான் பயம். ரேடியோ சொன்னால் அது சொல்லிவிடும்.

கதவு திறந்தது. வெளிச்சம். ரேடியோ படித்தாள்: "இவ்வளவு கோபம் வருதுன்னா..."

அவள் தோளுக்கு மேல் தங்கை தெரிந்தாள். எனக்கு முன்பாகவே அவள் உதடு அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வேறு எதையாவது சொன்னாலும் அதன் மேல் அந்த வரியை ஒட்டிவிடுவார்கள். மூடிய வாய்மேல் எதை ஒட்டுவார்கள்?

"அசைம்மா" என்றார் இயக்குநர். ரேடியோ இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்தபோது அவள் குரலே தடுமாறியது. பல் உதட்டில் பதிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அங்கே தங்கையின் உதடு நின்றுபோயிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கேமராவை இவ முதுகுப் பக்கம் கொண்டுபோ. வாய் தெரியலைன்னா எந்த வசனத்தையும் வெச்சுக்கலாம்."

முதுகையும் பறித்துக்கொள்ளப் பார்த்தார்கள். நான் காட்டவில்லை. கேமராவைத் தாண்டி வெளியே நடந்தேன். மேனேஜர் போனை எடுப்பது தெரிந்தது. நாலு செகண்ட்.

மேக்கப் அறைக்குள் நான் நுழைந்ததுமே தங்கை பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள்.

"ஏன்க்கா சொல்லல? நடிப்புதானே?"

"கதவு நிஜம்டி. உள்ள இருந்து பாத்தா பாசம்லாம் ஒண்ணும் தெரியல. பயம்தான் தெரியுது."

அவள் நீலம் பாரித்த கையை மறுகையால் மூடிக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய், அறைக்கதவை அவளே உள்பக்கம் தாழிட்டாள். எனக்கு மூச்சு அடைத்தது. திறக்கச் சொல்லவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. மெதுவாக இரண்டு தட்டு.

"என்ன, போலாமா?" அவன் குரல். பணிவாகத்தான் இருந்தது.

தங்கையின் வாய் பழக்கத்தில் திறந்தது. என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவள் விரல்களை என் விரல்களுக்குள் கோத்துக்கொண்டேன்.

அவன் மறுபடி தட்டினான். இந்தத் தடவை மெதுவாக இல்லை.