நான்காம் தாளுக்கு ஒரு மறுப்பு

பல்கலைக்கழகம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் இளங்கலைப் படிப்புகளை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி, மறுபடி அதே இடத்தில் வைக்கும். இதற்குச் சீராய்வு என்று பெயர். இந்த முறை நாற்பத்தொரு படிப்புகள். தொடக்கக் கூட்டத்தில் டீன் இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் ஓர் அம்பு ஒரு வட்டத்திலிருந்து கிளம்பி, இன்னும் மூன்று வட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதைத்தான் அவர் முன்னேற்றம் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. உரை முடிந்ததும் சமோசா என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

கணேசபாண்டியனும் தட்டினார். மும்பை சயானில் ஒரு கல்லூரியில் அவர் தமிழ்த்துறைத் தலைவர். தலைவரைத் தவிரத் துறையில் வேறு யாரும் இல்லை. அறையில் நான்கு மேசைகள் உண்டு. மூன்றின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள் இருந்தன. மாதத்தின் முதல் திங்கட்கிழமை துறைக்கூட்டம் நடத்தியே ஆகவேண்டும் என்பது கல்லூரி விதி. எனவே அவர் மூன்று நாள் முன்னதாகத் தனக்கே அழைப்பு எழுதி, தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, குறித்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, 'வருகை: ஒருவர்' என்று குறித்துக்கொள்வார். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டபோது, கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக எழுதிக் கோப்பில் சேர்த்தார். முதல்வர் அதையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

செம்பூரில் ஒற்றை அறை வீடு. மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். பெங்களூரிலிருக்கும் மகள் ஞாயிறு காலையில் போன் செய்து, சாப்பிட்டாரா என்று கேட்பாள். அவர் சாப்பிட்டேன் என்பார். அதற்கு மேல் அந்த உரையாடலில் திருப்பம் ஏதும் வந்ததில்லை.

சீராய்வுப் படிவம் அறுபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு தாளிலும் மாணவர் அடையப்போகும் பயனை அளக்கக்கூடிய வினைச்சொல்லில் எழுத வேண்டும். 'உணர்வர்', 'ரசிப்பர்' எல்லாம் கூடாது, அளக்க முடியாது. கணேசபாண்டியன் 'கவிதையை ரசிப்பர்' என்பதை அடித்துவிட்டுக் 'கவிதையைக் கையாள்வர்' என்று மாற்றினார். தொழில்முனைவுத் திறனுக்கும் குறுந்தொகைக்கும் என்ன தொடர்பு என்ற கட்டத்தில், மூன்றுக்கு இரண்டு என்று போட்டார். ஏன் இரண்டு, ஏன் ஒன்றில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ரஞ்சனா போனில் கூப்பிட்டாள். நாற்பத்தொரு படிப்புகளின் காகிதங்களும் அவள் மேசை வழியாகத்தான் போக வேண்டும். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“சார், உங்க ஃபைல்ல ப்ரப்போஸ்ட் பை இருக்கு. செகண்டட் பை காலியா இருக்கு.”

“முன்மொழிந்தது நான்தாம்மா. வழிமொழியுறதுக்கு ஆள் இல்ல.”

“உங்களைத் தவிர போர்டுல ஏழு பேர் இருக்கணுமே?”

இருக்கணும்தான். பாடத்திட்டக் குழுவில் துணைவேந்தர் நியமிக்க வேண்டிய இரண்டு இடம் காலி. தொழில்துறைப் பிரதிநிதி இடம் காலி. தமிழுக்கு எது தொழில்துறை என்று முடிவாகவில்லை. வெளி மாநிலப் பேராசிரியர் அழைப்புக்குப் பதில் எழுதுவதில்லை. முன்னாள் மாணவர் பிரதிநிதி வாசிம் துபாயில். துறையில் முன்பு உடன் வேலை பார்த்த ஜெயினுலாப்தீன் சார் இறந்துவிட்டார். ஆனால் பட்டியலில் தொடர்கிறார், வருகைப் பதிவில் வாசிமைவிட அவர் ஒன்றும் மோசமில்லை.

“ஆறு பேர் ஆச்சு. ஏழாவது?”

கணேசபாண்டியன் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். “பேச்சிராஜான்னு ஒருத்தர். ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு. கல்யாண்ல இருக்காரு.”

“அவர் மெம்பர்ஷிப் ஜூன் வரைக்கும் இருக்கு சார். அவ்வளவுதான், அவர்கிட்ட சைன் வாங்குங்க. மீட்டிங் எங்க நடந்தாலும் சரி, ரெண்டு கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு போர்ட்டல் மூடிடுவாங்க. அதுக்குள்ள வரலைன்னா பி.ஏ. தமிழ் அபேயன்ஸ் லிஸ்ட்ல போயிடும்.”

அபேயன்ஸ் என்றால் மூடுவதில்லை. இந்த வருடச் சேர்க்கை கிடையாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தப் பட்டியலுக்குப் போன பாலி மொழியையும் பாரசீகத்தையும் இன்னமும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. கணேசபாண்டியனை நூலகத்துக்கு மாற்றுவார்கள். நான்கு மேசையையும் கணினித்துறைக்காரர்கள் வந்து தூக்கிப்போவார்கள். இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் வகுப்பை முடித்துவிட்டு சயானில் கல்யாண் போகும் ஸ்லோ லோக்கல் ரயிலைப் பிடித்தார். மதிய வண்டி, உட்கார இடம் கிடைத்தது. மடியில் பாடத்திட்டம், அதற்கு மேல் இரண்டு தாளில் நுணுக்கி எழுதிய குறிப்புகள். பேச்சிராஜா என்னென்ன சொல்லி மறுப்பார், தான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார்.

காரணம் இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய சீராய்வின்போது குழுவில் மூன்று பேர் உயிரோடும் கோபத்தோடும் இருந்தார்கள். கணேசபாண்டியன் நான்காம் தாளை யாப்பிலக்கணத்திலிருந்து 'மும்பைத் தமிழ்' என்று மாற்றச் சொன்னார். சால் குடியிருப்புச் சங்கங்களின் அறிவிப்பு, கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தோல் பட்டறையில் பேசும் பேச்சு, இதெல்லாம் பாடம்.

“தாராவியில ஏசுத ஏச்சையும் சேத்துக்கிடும்வே” என்றார் பேச்சிராஜா. “கேள்வித்தாள்ல பத்து மார்க்குக்குக் கேக்கலாம். எடுத்துக்காட்டுடன் விளக்குகன்னு.”

“ஏச்சுல எதுகை மோனை இருக்கு அண்ணாச்சி. நீங்க நடத்துத பாடத்துலதான் இல்ல.”

“யாப்பு தெரியாதவன் பி.ஏ. தமிழா? நாளைக்கு உம்மையும் என்னையும் எவன் மதிப்பான்?”

“உங்க மகன் ஒரு வெண்பா எழுதினானா அண்ணாச்சி? அவன் தமிழ்ல பேரே எழுத மாட்டான்.”

இது இடுப்புக்குக் கீழே விழுந்த அடி. பேச்சிராஜா எழுந்து நின்றார். ஜெயினுலாப்தீன் மட்டும், “ரெண்டு பேரும் மொதல்ல டீயைக் குடிங்க, ஆறுது” என்றார். கடைசியில் அவரே அலகுகளை யாப்புக்கு இரண்டு, மும்பைக்கு இரண்டு என்று பாதி பிரித்துவைத்தார். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. ஐந்து வருடம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில், ஜெயினுலாப்தீன் மூலமாகத் துண்டுச்சீட்டு அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த சீராய்வையே அப்படித்தான் முடித்தார்கள். பேச்சு இல்லை என்றாலும், எதிரே ஓர் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சிராஜா ஓய்வு பெற்ற மறுநாள்தான் அந்த வித்தியாசம் கணேசபாண்டியனுக்குத் தெரிந்தது.

இப்போது நான்காம் தாளில் யாப்புக்கு ஒரே ஓர் அலகுதான் மிச்சம். அண்ணாச்சி விடமாட்டார். தாணே தாண்டியபோது கணேசபாண்டியன் ஏழாவது மறுப்புக்கும் பதிலைச் சரிபார்த்து முடித்திருந்தார். நெஞ்சு படபடத்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தார். டோம்பிவிலி வந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு தனக்குப் பசிக்கிறது என்று கவனித்தார்.

கல்யாணில் நான்காவது மாடி. மருமகள் பூமாரி கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து பேச்சிராஜா வெளுத்த டீ ஷர்ட்டில் வந்தார். ஆள் இளைத்திருந்தார். முகத்தில் பெரிய சிரிப்பு.

“வாரும்வே, வாரும்! கணேசபாண்டியன்தான? உக்காரும். பூமாரி, சாருக்கு டீ போடும்மா.”

பத்து வருடத்துப் பகை இப்படி ஒரு டீயோடு கரைந்துபோகும் என்று கணேசபாண்டியன் குறிப்பில் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“கையெழுத்துதான? கொண்டாரும். பேனா இருக்கா?”

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி.”

“நீரு போட்டா சரியாத்தான் இருக்கும்.” பேச்சிராஜா கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கோடு போட்ட இடத்தில் கையெழுத்திட்டார். தேதியும் போட்டார். எழுத்து மட்டும் பழைய மாதிரியே, முத்துப் போல இருந்தது.

“நாலாம் தாள்ல கை வச்சிருக்கேன்” என்றார் கணேசபாண்டியன்.

“வைக்கத்தான வேணும். காலம் மாறுதுல்லா.”

“யாப்பு ஒரு அலகுதான்.”

“சரி.”

கணேசபாண்டியன் அவரையே பார்த்தார். பிறகு, அறுபத்திரண்டு பக்கத்திலும் சொல்லாத பொய்யைச் சொன்னார். “அந்த ஒண்ணையும் எடுத்துட்டேன். அசை, சீர், தளை ஒண்ணும் கிடையாது. வெண்பான்னா என்னன்னு தெரியாமலே பட்டம் வாங்கலாம்.”

“பிள்ளைகளுக்குப் பாரம் குறையும்லா” என்றார் பேச்சிராஜா. “நல்லதுதாம்வே.”

பூமாரி டீயோடு வந்தாள். “மாமா இப்பல்லாம் யாரையும் எதுத்துப் பேசுறதே இல்ல சார். தங்கமா மாறிட்டாங்க.”

“டாக்டர் சொல்லிட்டாருவே. வாக்குவாதம் கூடாதுன்னு. லாஃப்டர் கிளப்ல சேத்துவிட்டான் மகன். காலைல ஆறரைக்குப் பார்க்குல இருபது பேரு நின்னு சிரிப்போம். எவன் எது சொன்னாலும் கரெக்டுன்னுருவேன். மூணு வருஷமா பிபி நார்மல்.” கையைத் தூக்கிக்காட்டினார், பிபி அதில் எழுதியிருப்பதுபோல. “நீரும் சேரும். செம்பூர்லயும் இருக்காம்.”

“அண்ணாச்சி, அன்னைக்கு உங்க மகனைப் பத்தி நான் பேசினது...”

“என்ன பேசினீரு?”

உண்மையாகவே கேட்டார். கணேசபாண்டியன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சர்க்கரை இல்லாத டீ.

திரும்பும் வண்டியில் ஜன்னலோர இடம். கையெழுத்து பையில் பத்திரமாக இருந்தது. வந்த காரியம் முடிந்துவிட்டது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மட்டும் எழுத வேண்டும், அரைப்பக்கம் போதும். அவர் பேனாவை எடுத்தார். நான்காம் தாள் பரிசீலனைக்கு வந்தது என்று எழுதினார். உறுப்பினர் பேச்சிராஜா கடுமையாக மறுத்தார் என்று அடுத்த வரி தானாகவே வந்தது. யாப்பு தெரியாதவருக்குத் தமிழ்ப் பட்டம் கொடுப்பது நீச்சல் தெரியாதவரைப் படகோட்டியாக வைப்பதற்குச் சமம் என்றார். தலைவர், படகே இல்லாத ஊரில் துடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். உறுப்பினர் மேசையைத் தட்டினார். முலுண்ட் நிலையத்தில் இரண்டாவது மறுப்பு. காஞ்சூர்மார்கில் ஐந்தாவது. அந்த மறுப்பு நியாயமாக இருந்ததால் தலைவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதையும் அப்படியே எழுதினார். சயானில் இறங்க மறந்து தாதர்வரை போய்விட்டார். குறிப்பு ஒன்பது பக்கம் வந்திருந்தது. கூட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடம் நடந்ததாக முடித்தார்.

வியாழக்கிழமை அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார். பல்கலைக்கழகத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். 'என்னவே பேசுதீரு' என்பது 'மாண்புமிகு உறுப்பினர் தம் ஐயத்தைப் பதிவுசெய்தார்' என்று ஆனது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ரஞ்சனா அதைத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். மவுஸை உருட்ட உருட்ட அவள் புருவம் ஏறியது.

“அரே சார், இது என்ன? மத்த நாப்பது டிபார்ட்மென்ட்டும் ஒரே வரி. டிஸ்கஸ்ட் அண்ட் அப்ரூவ்ட். நீங்க மகாபாரதம் கொண்டுவந்திருக்கீங்க.”

“விவாதம் நடந்துதும்மா.”

“நடந்திருக்கலாம். ஆனா அப்ஜெக்ஷன்னு இருந்தா கமிட்டி தொடாது. ரெஃபர் பேக்னு திருப்பி அனுப்பிடும். அடுத்த மீட்டிங் டிசம்பர்ல. அதுவரைக்கும் அபேயன்ஸ்.” அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “நான் எடுக்கக் கூடாது. நீங்களே டெலீட் பண்ணுங்க. நாலு இருபது ஆச்சு.”

கணேசபாண்டியன் ஏழாவது மறுப்பிலிருந்து ஆரம்பித்தார். ஏழு போயிற்று. ஆறு போயிற்று. பதில் சொல்ல வராத அந்த ஐந்தாவதில் விரல் நின்றது.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமா? சின்னதுதான்.”

“ஒண்ணு இருந்தாலும் ரெஃபர் பேக்தான் சார். பதினாலு பசங்க இருக்காங்க உங்களுக்கு. புதுசா வேற சேரணும்.”

அவர் அழுத்தினார். மிச்சமிருந்த நான்கும் சுலபமாகப் போயின. பேச்சிராஜா மேசையைத் தட்டியதும் போனது. ரஞ்சனா மற்றவர்களின் அந்த ஒரே வரியை ஒட்டி, கோப்பைப் போர்ட்டலில் ஏற்றினாள். நாலே முக்காலுக்குத் திரையில் பச்சை டிக் வந்தது.

“பாருங்க, ஆயிடுச்சு. அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல. டிபார்ட்மென்ட் சேஃப்.”

அவர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. “அம்மா, பாடத்திட்டத்தை நீங்களாவது ஒருதடவை படிச்சுப் பாக்குறீங்களா? பின்னாடி இருக்கு, தமிழ்ல.”

ரஞ்சனா சங்கடமாகச் சிரித்தாள். “எனக்குப் பேசத்தான் சார் வரும். வாசிக்க வராது. ஸ்கூல்ல மராட்டிதானே. பக்க நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்தேன்.”

“அப்ப நான் வாசிக்கிறேன்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்துக்கொண்டே, “சரி, வாசிங்க சார்” என்றாள்.

முதல் மூன்று தாளைத் தாண்டி அவர் நான்காம் தாளைப் பிரித்தார். அலகு ஒன்று, மும்பையில் தமிழர் குடியேற்றம். அலகு இரண்டு, அறிவிப்புகளும் அழைப்பிதழ்களும். அலகு மூன்று, பட்டறைப் பேச்சு. அலகு நான்கு, யாப்பு, அறிமுகம் மட்டும். வாசித்துவிட்டு நிறுத்தினார். தாளைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார். பக்கத்து மேசையில் யாரோ ஸ்டேப்ளரை அழுத்தினார்கள்.

ரஞ்சனா அவர் எதற்காக நிறுத்தினார் என்று புரியாமல் கொஞ்சம் விழித்தாள். பிறகு மரியாதையாக, “நல்லா இருக்கு சார்” என்றாள்.

அவர் ஐந்தாம் தாளுக்குப் போனார்.