ஒன்றரைப் பின்னல்

சுவிட்சைத் தட்டியதும் மின்விசிறி சுற்றவில்லை. அண்ணன் படுத்திருந்த குளிர்பெட்டிதான் உறுமலை நிறுத்திக்கொண்டது.

விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்த தங்கை, பயணப் பையைக் கீழே வைத்த கையோடு, வேர்த்து வழிகிற கூட்டத்துக்குக் கொஞ்சம் காற்றாவது வரட்டும் என்று செய்த உபகாரம் அது.

“அது மாமா சுவிட்ச். திருப்பிப் போடுங்க. மேல ரெண்டாவதைத் தட்டுங்க,” என்றது மூலையிலிருந்து மகளின் குரல். திருப்பிப் போட்டாள்; பெட்டி மறுபடி உறுமியது.

பெற்ற மகள், மீட்டர் பார்க்க வந்தவரிடம் பேசுவதுபோல ‘ங்க’ போட்டுப் பேசினாள்.

ஊருக்கெல்லாம் ஒழுங்காக வயர் இழுத்துக் கொடுத்த அண்ணன், சொந்த வீட்டுக்கு மிச்சம்மீதியை வைத்து இழுத்திருந்தார். வாசல் மணியை அழுத்தினால் மோட்டார் ஓடும். விருந்தாளிகள் அதிகம் வந்த வருஷம் அந்தத் தெருவுக்கே தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்பார்கள்.

மின்சாரம் அவரை எத்தனையோ தடவை தூக்கி எறிந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போயிருந்தது. கடைசியில் வந்தது சாதாரண நெஞ்சுவலி. நேற்றுக் காலை, தங்கை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது. வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் பாதியில் இருக்கையில், “கொஞ்சம் புடிச்சுக்கோ, வந்துர்றேன்,” என்று பின்னலை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம்.

பிடித்தவள் இன்னும் விடவில்லை. சீப்போடு போன பக்கத்து வீட்டு அத்தை கடி வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள்.

அண்ணனின் பின்னல் லேசுப்பட்டதல்ல. புருஷன்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, மூன்று வயசுப் பிள்ளையை அண்ணன் மடியில் போட்டுவிட்டு அவள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அண்ணனுக்குத் தெரிந்தது வயர் முறுக்குவது. அதையே பிள்ளையின் தலையில் செய்தார். ரிப்பனுக்குப் பதில் சிவப்பு இன்சுலேஷன் டேப். இறுக்கத்தில் புருவம் இரண்டும் அரை அங்குலம் ஏறிவிடும். நாம் சொல்வதெல்லாம் இவளுக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருக்கிறது என்று டீச்சர் பூரித்துப்போய் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டாராம்.

இப்போது ஒரு பக்கம் மட்டும் பின்னியிருந்ததால் ஒரு புருவம் மட்டும் ஏறி நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் பார்வையில் பட்டதும், நம் அழுகையில் ஏதோ குறை போலிருக்கிறது என்று குரலைக் கூட்டினார்கள்.

“போன்ல பாத்தப்ப நீ உசரமா தெரிஞ்ச,” என்றாள் அத்தை அவளிடம், ஆறுதலாக.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “எடுக்கலாமாம்மா? நேரமாகுது!”

“எந்திரி கண்ணு, மாமாவை அனுப்பணும்ல?” என்றாள் அத்தை, பிள்ளையிடம்.

“நான் வரல. வந்துர்றேன்னு சொல்லிருக்கார்.”

அவள் மகளின் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “குடு. அம்மா முடிச்சு விடறேன்.”

“உங்களுக்குத் தெரியாது.”

“ஏன் தெரியாது? அங்க ரெண்டு பிள்ளைங்களுக்கு தினமும் நான்தான்…”

மகள் யோசித்தாள். “அவங்களுக்கு வலிக்குமா?”

“சேச்சே. பின்னப் பின்னத் தூங்கிருவாங்க.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது.”

ஹாரன் மறுபடியும் அடித்தது.

“சரி,” என்றாள் அவள். “நீ சொல்லிக் குடு.”

பிடித்து மரத்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பாதிப் பின்னல் அவள் கைக்கு வந்தது.

“மொதல்ல இழுங்க. இன்னும்.”

“வலிக்குதா?”

“கண்ணுல தண்ணி வரணும். அப்பதான் சரி.”

இழுத்தாள்.

“இன்னும் இழும்மா!”

இழுத்தது ஒருத்தி தலையை. தண்ணீர் வந்தது இரண்டு பேர் கண்ணிலும். அந்த வீட்டு வயரிங் அப்படி.

அண்ணனின் வயரிங் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பல்லால் கடித்து அறுத்தாள். சுற்றி ஒட்டினாள்.

மகள் எழுந்தாள். இப்போது இரண்டு புருவமும் சமமாக ஏறியிருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், மாமா சுவிட்சை அணைத்தாள்.