பழுப்புப் புகை

புதன்கிழமையில் அந்தக் காய்ச்சல் வராது. அதை அன்றைக்கே வாய் வலிக்கச் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பழைய இரும்புக் கிடங்கில் கேஸ் கட்டிங் வேலை. ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிற இரும்பை நெருப்பால் அறுத்துத் துண்டு போட வேண்டும். துத்தநாகம் பூசின தகரத்தை அறுத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அது பஞ்சு மாதிரி புருவத்திலும் மீசையிலும் ஒட்டிக்கொள்ள, காலையில் போன மனுஷர் மாலையில் கிழவராகத் திரும்பி வருவார். அந்தப் புகை அதிகமாக உள்ளே போனால் காய்ச்சல். வாய் இனிக்கும், குளிர் தூக்கிப் போடும், போர்த்திப் படுத்தால் விடிவதற்குள் போய்விடும். அதுவும் திங்கட்கிழமைதான் வரும். ஞாயிறு லீவில் உடம்பு புகையை மறந்துவிடுமாம், செவ்வாய்க்குள் மறுபடி பழகிவிடுமாம். கிடங்கு ஆட்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருவாள், ஆட்டி வைப்பாள், மறுநாள் கிளம்பிவிடுவாள்.

முதலாளி அதற்கு வைத்தியமும் வைத்திருந்தார். கட்டிங் ஆட்களுக்குத் தினம் ஒரு பாக்கெட் பால். யாராவது முகமூடி கேட்டால், "பாலைக் குடிங்கடா, எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிடும்" என்பார். நுரையீரலுக்குள் பால் எந்தப் பக்கமாகப் போகும் என்று நான் ஒருமுறை கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அந்தப் பாக்கெட்டை என் கையில் கொடுத்து டீ போடச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை மாலை செருப்பைக் கழற்றும்போதே அவருக்குப் பல் தந்தியடித்தது.

"வாயெல்லாம் இனிக்குது. இன்னிக்கு நீ ஏதோ நல்ல வார்த்தை பேசப்போற போல."

"புதன்கிழமையில என்னங்க இனிப்பு?" என்று உட்காரவைத்து, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். துணியில் வெள்ளை வரவில்லை. பழுப்பு. காதோரம், கழுத்து, மீசை, எங்கே துடைத்தாலும் பழுப்பு.

"எதை அறுத்தீங்க?"

"ஏதோ போல்ட்டு, பிளேட்டு. மஞ்சளா மினுங்குது. புது லோடு. பின்பக்க ஷெட்டுல வச்சு அறுக்கச் சொன்னாரு."

என் கொழுந்தன் மாடி அறையில் இருக்கிறான். அவனுக்கும் அதே கிடங்கில்தான் எடை போடுகிற வேலை, ஆள் குறைந்தால் கட்டரும் பிடிப்பான். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றதும் இரண்டு பாக்கெட் பாலோடு இறங்கி வந்தான்.

"மாமியார் வந்திருக்கா, அண்ணி. காலையில போயிடுவா."

"புதன்கிழமை ஏன் வர்றா? அதுவும் பழுப்பு நிறத்துல?"

"ஏன், மாமியார் புடவை மாத்தக்கூடாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஆனால் விடிந்ததும் காய்ச்சல் விட்டிருந்தது. அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான்தான் ஏதோ பந்தயத்தில் தோற்றவள் மாதிரி. வேலைக்குக் கிளம்பினவரை வாசலை மறித்து நின்று தடுத்தேன்.

"விடுங்கண்ணே, அண்ணி ஆசைக்கு ஒரு நாள் படுங்க. உங்க கட்டிங்கை நான் பாத்துக்கிறேன்" என்று அவன் போனான்.

மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலிலிருந்து அடுப்படி வரை வந்ததற்கே மாடி ஏறினவர் மாதிரி மூச்சு வாங்கியது. "நெஞ்சைக் கட்டின மாதிரி இருக்கு" என்றார். உதட்டில் நிறம் இல்லை. சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஆக்சிஜன் மாட்டிவிட்டு, எதை அறுத்தார் என்று கேட்டார். முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "சாதாரணத் தகரம்தான் டாக்டர். உடம்பு பலவீனம்" என்று அவர் குரல் எனக்கே கேட்டது.

டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். "துத்தநாகமா இருந்தா இந்நேரம் இவர் எழுந்து நடக்கணும். நுரையீரல்ல தண்ணி கோக்குது. இது வேற ஏதோ. என்னன்னு தெரியாம இருட்டுல கை விட முடியாதும்மா."

அவரை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என் பற்கள் நறநறவென்று அரைபட்டன.

பின்பக்க ஷெட்டில் கொழுந்தன் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். கூரை வரைக்கும் பழுப்பு. தலையில் இருக்கிற துண்டையாவது மூக்கில் கட்டியிருக்கிறானா? இல்லை.

"அணைடா அதை! வெளிய வா!"

நான் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனின் நிலைமையைச் சொன்னதும் கட்டரை அணைத்துக் கீழே வைத்தான்.

"முதலாளி எங்க? கட்டிங் நடந்தா பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்காருவாருன்னு சொல்வியே?"

ஒரு பிடி செம்புத் துண்டு காணாமல் போய்விடும் என்று எந்த வெயிலிலும் அறுக்கிற இடத்தை விட்டு நகராத மனுஷர் அவர்.

"ஆமா அண்ணி. ஆனா இந்த லோடு வந்ததுலேருந்து இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ரூமுலயே இருக்காரு." சொல்லி முடித்ததும் அவனுக்கே உறைத்தது. முகம் மாறிவிட்டது.

முந்தானையில் போல்ட்டுகளை அள்ளிக்கொண்டு நடந்தேன். கொழுந்தன் பின்னாலேயே வந்தான். முதலாளியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கொட்டினேன். ஒரு போல்ட் உருண்டு அவர் மடியில் விழ, தேளைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார்.

"இது என்னது?"

"தகரம் மாதிரி துத்தநாகம் பூசின போல்ட்டும்மா. டாக்டர்கிட்ட சொன்னேனே. பால் வாங்கிக் குடு, சரியாயிடும்."

"சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"தம்பி, கட்டரை உள்ள கொண்டா."

கொழுந்தன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். முதலாளி இருக்கிற பக்கம் நிமிர்ந்தும் நிற்காதவன். நேராகப் போய், கேஸ் டியூபை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். நான் ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றேன்.

"பத்த வை. இவர் மேஜையிலேயே வச்சு அறு. நானும் இங்கேயேதான் நிப்பேன். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு பாக்கெட் பால் குடிச்சிட்டுப் போவோம்."

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

"ஆமாய்யா, பைத்தியம்தான். தகரத்துக்கு ஏன்யா பயப்படுற?"

நெருப்பு நீலமாக எரிந்தது. கொழுந்தன் அதைப் போல்ட் பக்கம் கொண்டுபோனான். இன்னும் தொடவே இல்லை. அதற்குள் முதலாளியின் கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. நாற்காலி கவிழ, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"வேணாம்டா! செத்துருவோம்! காட்மியம்! அது காட்மியம் பூசினது!"

தன் உயிர் என்றதும் பெயர் என்ன சுத்தமாக ஞாபகம் வந்தது! அந்தக் கவிழ்ந்த நாற்காலியைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தது, அதனால் விட்டேன். கொழுந்தன் நெருப்பை அணைத்து, கட்டரை அவர் காலடியில் வீசினான். அவனையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

பெயரைக் கேட்டதும் டாக்டரம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். என் வீட்டுக்காரரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே பேசினார்.

"காட்மியம் விஷ உலோகம். சூட்டுல அது ஆவியாகி, காத்தோட சேர்ந்து ஆக்சைடு ஆயிடும். அந்தப் பழுப்புத் தூள் அதுதான். நுரையீரலோட அடி வரைக்கும் போகும். முதல்ல சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். சிலருக்கு அதுகூட இருக்காது. சரியாப்போச்சுன்னு நினைக்கிறப்பதான் மூச்சை அடைக்கும். இதை முறிக்க மருந்து கிடையாதும்மா. ஆனா தானா போயிடும்னு நம்பி இனி ஏமாற மாட்டோம். ஒவ்வொரு மூச்சையும் பாத்துக்கிட்டே இருப்போம். சரியான நேரத்துல கொண்டு வந்திருக்கீங்க, கரை சேர்த்துடலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மார்பு ஏறி இறங்கியது. கெட்டிக்காரர், என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஒரு பாக்கெட் பாலுக்கு இந்த மனுஷரை விலை பேசியிருக்கிறான் அந்த முதலாளி!

டாக்டரம்மா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "இவர் யாரு?"

"என் கொழுந்தன். அண்ணன் இடத்துல இன்னிக்கு இவன்தான்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பி அவனைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று அவன் அவசரமாகச் சிரித்தான். "காலையிலேருந்து அறுக்கிறேன், கல்லு மாதிரி நிக்கிறேன் பாருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான் குழாயில் முந்தானையை நனைத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் அவன் முகத்தைத் துடைத்தேன். நெற்றி, காதோரம், மீசை. துணி முழுக்கப் பழுப்பு.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, திட்டாதீங்க. பஸ்ஸுல வரும்போதுலேருந்து வாய் இனிக்குது."

"இன்னொரு கட்டில்!" என்று நான் போட்ட கூச்சலில் அந்த வார்டே எழுந்து உட்கார்ந்தது.