எச்சில் குழாய்

என் வீட்டுக்காரர் சுப்புராஜ் குடியை விட்டது என் கண்ணீரைப் பார்த்து அல்ல. அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டேதானே குடித்தார் மனுஷன். அவரை நிறுத்தியது ஒரு கறுப்புக் கயிறு. சங்கரன்கோயில் பக்கம் எங்கள் ஊரில் முப்பிடாதி அம்மன் கோயில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவன் ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்று, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். அதற்குப் பிறகு சரக்கு உதட்டில் பட்டாலே கயிறு செத்துப்போயிற்று என்று அர்த்தம். தெரிந்து பட்டாலும் சரி, தெரியாமல் பட்டாலும் சரி. மறுபடி கட்ட வேண்டுமானால் அடுத்த சித்திரைக் கொடைத் திருவிழா வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமை தூக்குகிறவர்களுக்கு நான் இட்லியும் மத்தியானச் சோறும் போடுகிறேன். அவர் கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் ஏற்றுகிற பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். கயிறு கட்டிய பிறகு அவர் செய்த அழிச்சாட்டியம் கொஞ்சமா! இருமலுக்குக் கிடங்குக்கார யூசுப் காக்கா வாங்கிக்கொடுத்த அரிஷ்டத்தை முகர்ந்து பார்த்து, மருந்திலும் சரக்கு வாடை என்று ஓடையில் கொட்டினார். கல்யாண வீட்டில் அடுத்தவன் வாய் வைத்த தம்ளரைத் தொட மாட்டார். “ஆமா, அம்மனுக்கு வேற சோலி இல்ல, ஒங்க உதட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கா” என்று கிண்டல் செய்வேன். ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும். அந்தப் பயம் இருக்கிறவரைக்கும்தான் என் வீட்டில் அடுப்பு எரியும், என் முதுகு தப்பும்.

அன்று காலையில் தோப்பும்படிக்கு மீன் வாங்கப் புறப்பட்டோம். நான் முன்னால் அவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் போலீஸ் மறித்து, வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. ராத்திரி ஊற்றிய மப்போடு காலையில் வண்டி எடுக்கிறார்களாம். பிடிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அருமை குடிகாரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

எங்களுக்கு முன்னால் பைக்கில் வந்தவன் ஊதினான். மெஷின் கீச்சென்று கத்தியது. எங்கள் வண்டிவரைக்கும் பிராந்தி நாறியது. அவனை ஓரமாக நிறுத்திவிட்டு, அதே மெஷினை அதே குழாயோடு இவர் வாய்க்கு நேரே நீட்டினார் எஸ்.ஐ. குழாய் நுனியில் அவன் எச்சில் மினுங்கியதை நானே பார்த்தேன்.

“சாரே, வேற குழாய் மாத்துங்க. நான் ஊதுதேன்” என்றார் இவர்.

“குழல் தீர்ந்நு போயி. ஊது அண்ணாச்சீ.”

“இதுல சரக்கு இருக்கு சாரே. நான் கயிறு கட்டுனவன்.” கையைத் தூக்கிக் காட்டினார்.

“எந்து கயறு? ஊதான் பறஞ்ஞால் ஊதணம்.”

“ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் வாரேன், ரத்தம் எடுங்க. இந்தக் குழாய் மட்டும் வேண்டாம் சாரே.”

நான் இறங்கி ஓடினேன். “சாரே, இவரை என்னைய விட மோந்து பாத்தவ யாரு? இவரு குடிக்கல சாரே. மூஞ்சிக்கு நேர ஊதச் சொல்லுதேன், நீங்களே மோந்து பாருங்க” என்று கெஞ்சினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“குடிச்சிட்டில்லெங்கில் எந்தினா பேடிக்குந்நது?” என்று எஸ்.ஐ. சிரித்தார். குடிக்காதவனுக்கு என்ன பயம் என்று கேட்கிறார். ஐயா, குடித்துவிட்டவனுக்கு என்ன பயம்? குடிக்காமல் இருக்கிறவனுக்குத்தானே பயமெல்லாம்!

ஒரு போலீஸ்காரர் பின்கழுத்தைப் பிடித்தார். இன்னொருவர் தாடையை அமுக்கினார். குழாய் உதட்டுக்குள் போயிற்று. இவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? ஊதினார். மெஷின் கத்தவில்லை. பூஜ்யம் காட்டியது.

“இத்ரயே உள்ளூ. வெறுதே சமயம் களஞ்ஞு. பொய்க்கோ” என்று எஸ்.ஐ. இவர் தோளில் தட்டி அனுப்பினார். இவ்வளவுதானாம், வீணாக நேரத்தைக் கெடுத்தாராம், போகலாமாம்.

தோப்பும்படியில் நான் மீன் பார்க்கவில்லை. அவர் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தார். உதட்டைத் துண்டால் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்துவிட்டது.

“பட்டுட்டு, செல்வி.”

“நீங்க வேணும்னா செஞ்சிய? அவனுவல்லா திணிச்சானுவ. அம்மனுக்குக் கண்ணு இல்லையா?”

“பட்டது பட்டதுதான்.”

ஊர்ப் பூசாரிக்குப் போன் போட்டேன். “கொடைக்கு வாங்க தாயி, மறுகயிறு கட்டிருவோம். அதுவரைக்கும் வைராக்கியமா இருக்கச் சொல்லுங்க” என்றார். வைராக்கியம் இருந்தால் கயிறு எதற்கு, பூசாரி? கொடைக்கு இன்னும் மாசக்கணக்கில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் அரிவாள்மனையில் கயிற்றை அறுத்துப் போட்டார்.

வக்கீல் வைத்தீஸ்வரன் பாலக்காட்டு ஐயர். மீன் குழம்பு கொதிப்பதற்கு முன்னால் வந்து என்னிடம் இட்லி வாங்கிப் போகிறவர். மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“சந்தேகம் இருந்தாத்தான் ஊதச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. எல்லாரையும் வரிசையா நிறுத்தினது தப்புன்னு வாதாடலாம்” என்றார். “தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தப்படாதுன்னு அரசியலமைப்புலயே இருக்கு. ஆனா மூச்சு சாட்சி இல்லேன்னுடுவா.”

“வாயில திணிச்சானுவளே சாமி, அது?”

“தப்புதான். ஆனா பூஜ்யம் காட்டித்து, உடனே அனுப்பிச்சுட்டா. நஷ்டம் என்னன்னு ஜட்ஜ் கேப்பாரே. நான் என்ன சொல்றது?”

நான் என்ன சொல்ல? அறுந்த கயிற்றைக் கொண்டுபோய்க் கோர்ட்டு மேஜையில் வைக்கவா? அவர் இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த வார முடிவில் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து பழைய வாடை வந்தது. “இனி என்னட்டி இருக்கு காப்பாத்த?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வண்டி எடுக்காதீங்க என்று காலைப் பிடித்தேன். கேட்கவில்லை. தனியாக விடப் பயந்து நானும் ஏறிக்கொண்டேன். அதே பாலத்துக்கு முன்னால் அதே எஸ்.ஐ. நின்றார். இவர் கழுத்தை நீட்டிக்கொடுத்து நன்றாக ஊதினார். மெஷின் கத்தியது.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். “கண்டோ சேச்சீ? எனிக்கு அன்னே சம்சயம் உண்டாயிருந்நு.”

அன்றைக்கே சந்தேகப்பட்டாராம்! இந்தத் தடவை குழாய் புதிது. கவரைப் பிரித்து, என் கண் முன்னால்தான் மாட்டினார்கள்.