மூன்றாவது கடிதம்

என் மகள் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் முடியப் போகிறது. முடிந்துவிட்டால், அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி வேலைக்கு மனுப் போட முடியாதாம். பால் பாக்கெட்டுக்குப் போடுகிற மாதிரி படித்தவர்களுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்று பேர் அவளைப் பற்றிக் கடிதம் அனுப்ப வேண்டும். அவரவரே கம்ப்யூட்டரில் நேராக அனுப்ப வேண்டும். இவள் கண்ணில் படக்கூடாது. இரண்டு போய்விட்டன. மூன்றாவது அவளுடைய புரொபசர் அனுப்ப வேண்டியது. வருடா வருடம் நீட்டிக்கிற வேலையில் அவளைத் தன்னிடமே வைத்திருக்கும் ஆள் அவர். நாலு தடவை நினைவுபடுத்தினாள். நாலு தடவையும் தலையாட்டினார். கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

தலையாட்டுகிறவனை நான் நம்புவதில்லை. அவளிடம் சொல்லாமல் போய், அவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றரை மணிக்கு வெளியே வந்தவர், யாரென்று தெரிந்ததும் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். கடிதம் போனதும் சாப்பிடுகிறேன் என்றேன்.

உள்ளே கூட்டிப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுயர இயந்திரம். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, உள்ளே உலோகத்தை மெல்லிசாகப் படிய வைக்குமாம். மக்கர் செய்தால் சரிபண்ண என் மகளை விட்டால் ஆள் கிடையாது என்றார். பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடம் பட்டறையில் லேத் ஓட்டியவன் நான்.

"அவங்க போயிட்டா இதை யாருங்க பார்ப்பா?" என்றார்.

"அது உங்க தலைவலிங்க. மணி நாலாகப் போகுது."

தட்டெழுத ஆரம்பித்தார். நான் நகரவில்லை. எழுதி முடித்ததும், எனக்குப் புரிகிற பாஷையில் படிக்கச் சொன்னேன். ரகசியக் கடிதம் என்று முனகிவிட்டுப் படித்தார்: இவர் கை பட்டால் நின்ற இயந்திரம் ஓடும். சொன்ன வேலையைப் பிசகில்லாமல் முடிப்பார். நேரம் பார்க்க மாட்டார். இவர் இல்லாமல் எங்கள் ஆய்வகம் ஒரு நாள்கூட ஓடாது. எனக்கு யாராவது இப்படி எழுதித் தந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

"போதுங்களா பெரியவரே? ஏதாவது சேர்க்கணுமா?"

"இதுக்கு மேல என்ன வேணும்? அனுப்புங்க."

அனுப்பினார். காபியையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சதைப் பத்தி ஏதாவது இருந்துச்சாப்பா?"

இல்லை என்றேன்.

"அங்க ஆராய்ச்சிக்கு ஆள் தேடுறாங்க. மெக்கானிக் வேலைக்கு இல்ல."

திருத்தி அனுப்பச் சொல்லலாமே என்றேன். போனது போனதுதானாம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு புரொபசர் போன் செய்தார். இயந்திரத்தில் எங்கோ காற்றுக் கசிகிறதாம். போகாதே என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒரு நாள்கூட ஓடாதுன்னு உண்மையைத்தானேப்பா எழுதியிருக்காரு."

வேண்டாம் என்று அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வர மூன்று வாரமானது. அதற்கு முந்தின வாரமே புரொபசரிடம் இன்னும் ஒரு வருட நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வேறு எங்கே போவாள்.