கீழுதட்டுக்குப் போகும் நரம்பு

அந்தக் கட்டியை முதலில் பார்த்தது அவன்தான். மனைவியின் முகத்தை அவன் அளவுக்கு உற்றுப் பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் ஒரே வாரத்தில் அவனுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பாதியும் ஊகித்துப் பாதியுமாகச் சமாளித்தான். மனைவி பேசுவது மட்டும் முழுசாகப் புரிந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்களின் மூக்குக்கு நேராக நின்று நிதானமாகப் பேசிப் பழகிய வாய்.

"பொண்டாட்டி பேசுறது மட்டும் உனக்கு எப்படிய்யா புரியுது?" என்று அச்சகத்தில் கேட்பார்கள்.

"புரியாட்டி சோறு கிடைக்காதே" என்பான். அங்கே காகிதம் வெட்டும் மெஷின் அவன் பொறுப்பு. எல்லாருக்கும் அவன் கட்டிங்காரர்.

ஒரு காலையில் அவள் தலை வாரிக்கொண்டு திரும்பியபோது, இடது காதுமடலுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. தொட்டுப் பார்த்தான். கொண்டைக்கடலை அளவில் கெட்டியாக இருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் வாய் அவனுக்குத் தெரியவில்லை. அதனால் மனைவியே அவன் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னாள். தனக்கு வந்த நோயைத் தானே அவனுக்குச் சொல்லும்படி ஆனது.

"இது எச்சில் ஊறுற சுரப்பி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததுல தெளிவா ஒண்ணும் தெரியலையாம். பெரும்பாலும் சாதுவான கட்டியாத்தான் இருக்குமாம். ஆனா விட்டு வைக்கக் கூடாதாம்."

அடுத்ததைச் சொல்லும்போது தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

"முகத்தை அசைக்கிற நரம்பு இதுக்குள்ளேதான் போகுதாம். உள்ளே போய் அஞ்சாப் பிரியுமாம். அதுல ஒரு கிளை கீழுதட்டுக்கு."

பக்கத்து அறையில் ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். புதிதாக ஒரு மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அறுவைக்கு முன்னால் அதை ரத்தத்தில் ஏற்றினால், தனி விளக்கு வெளிச்சத்தில் நரம்பு மட்டும் நூல் மாதிரி மின்னும். கத்தி படாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"எட்டுப் பேருக்கு."

"எட்டுப் பேரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு நாள் வாந்தி."

அவன் யோசிப்பதற்குள் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த ஒரு வாரம் அவனுக்கு மெஷினில் கை ஓடவில்லை. கத்தி இறங்கும் முன்னால் விரல் எங்கே இருக்கிறது என்று மூன்று தடவை பார்த்தான். அவனுக்கே வெட்கமாக இருந்தது. அவள் உயிரை நினைத்துப் பயப்பட வேண்டியவன், அவள் உதட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்தான். அது கோணிக்கொண்டால் அந்த வீட்டில் தன்னோடு பேச ஆளில்லை.

"உதட்டைப் பத்தித்தானே யோசிக்கிறீங்க?" என்று அவளே கேட்டாள்.

"இல்லையே."

"பொய் சொல்லாதீங்க. உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அறுவைக்குக் காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் என்றார்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்றானது. மச்சினன் கீழே ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். ஆஸ்பத்திரி நடைபாதையில் போகிறவர்கள் எல்லாருக்கும் பாதி முகம் முகமூடித் துணிக்குள் இருந்தது. அவனுக்கு அது வாய் கட்டப்பட்ட ஊர் மாதிரி இருந்தது.

ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வேகமாக வந்து அவன் முன்னால் நின்று பேசினாள். துணி மேலும் கீழும் அசைந்தது.

"எனக்குக் காது கேக்காது. அதைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

அவள் முடியாது என்று தலையாட்டிவிட்டு மறுபடி பேசினாள். கண்ணைப் பார்த்தான். அதில் அவசரம் மட்டும்தான் தெரிந்தது. அவள் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மனைவி போய்விட்டாளா? இருக்கிறாளா? தன் முகத்தைப் பார்த்துப் பேசிய ஆய்வுக்காரப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். ஓடினான். ஆய்வு அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்ததும் எழுந்து, முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க. கொஞ்சம் முன்னாலதான் உள்ளே கேட்டேன். உட்காருங்க."

அவள் அறுவை அறைக்குப் போன் போட்டு விவரம் கேட்டுவிட்டு, அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டியில ஒரு துண்டை எடுத்து உடனே உறைய வச்சுப் பார்த்திருக்காங்க. அது சாதுவான கட்டி இல்ல. புற்றுநோய். மெதுவா வளர்ற வகை. நாலு கிளையும் நல்லா மின்னுது, அதையெல்லாம் காப்பாத்தியாச்சு. உதட்டுக்குப் போற கிளை மட்டும் கட்டியோட ஒட்டிக்கிட்டிருக்கு. அதை விட்டு வச்சா நோய் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். வெட்டினா உதடு ஒரு பக்கம் வேலை செய்யாது. உங்களைக் கேக்கத்தான் நர்ஸ் வந்தாங்க."

"என்னையா?"

"நேத்து அவங்கதான் டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்காங்க. 'உதடு விஷயம் வந்தா என் வீட்டுக்காரரைக் கேளுங்க, அது என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வேணும்'னு."

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் அப்போது அவனை விட்டுப் போகவில்லை. இன்னும் பெரிதானது. ஆனால் இப்போது அது அவள் உயிரைப் பற்றிய பயம் என்பதில் சந்தேகமே இல்லை.

"வெட்டச் சொல்லுங்க" என்றான். தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நடைபாதையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "துளி மிச்சம் வைக்க வேணாம்னு சொல்லுங்க."

நாலு மணிக்கு அவளைக் காட்டினார்கள். காதைச் சுற்றிக் கட்டு, முகம் வீங்கியிருந்தது. கண் திறந்து அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதட்டின் ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் அப்படியே நின்றது. அவனுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி தலையாட்டினான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் உள்ளங்கையை இழுத்து விரலால் எழுதினாள்: தண்ணி.

பத்தாம் நாள் முழுப் பரிசோதனை முடிவு வந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா அவனுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து சொன்னார். ஓரங்களில் நோய் இல்லை. கதிர்வீச்சு தேவைப்படாது. வெட்டிய கிளைக்குப் பதிலாகக் கழுத்திலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அது பிடித்து உதடு அசைய எட்டு மாதம், ஒரு வருஷம் ஆகலாம், பிடிக்காமலும் போகலாம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? தினமும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் செய்தித்தாளை வாசிப்பாள், அவன் பார்த்துச் சொல்வான். 'வாடகை' என்பதை 'பாடகி' என்றான். அவள் சிரித்தபோது முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிரிப்பைக் கையால் மூடினாள். "கையை எடு, அதையும்தான் பார்க்கணும்" என்றான். இரண்டு மாதத்தில் முக்கால்வாசி பிடிபட்டது.

ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அன்னிக்கு வெட்டச் சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

அந்தக் கேள்வியை அவள் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யோசிக்கல" என்றான். "பயம்தான். இப்பவும் இருக்கு."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியை வாசிக்க ஆரம்பித்தாள்.