தோற்கத் தெரியாத எருமை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது. கணினி விளையாட்டு ஒன்றில் வரும் எருமையை யாரோ நீளமாக, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் திட்டியிருந்தார். எருமை அப்படி என்ன செய்துவிட்டது? பெங்களூரு மல்லேஸ்வரம் சந்தையில் உலாத்தியது. பூக்கூடையில் வாய் வைத்தது. இதற்குப் போய் ஒருவருக்கு ஏன் ரத்தம் கொதிக்க வேண்டும்?

திட்டியவரைக் கற்பனை செய்து எழுதிய முதல் வரி இப்படி வந்தது: 'தருண் என்ற இளைஞன் இருட்டறையில் சிப்ஸ் பொட்டலத்தோடு...'

(அடித்துவிட்டேன். இவனை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எல்லோரும் எழுதுகிறார்கள்.)

2

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். [பெட்டி ஒரு பெண்ணின் பெயர். டிரங்குப் பெட்டி அல்ல. அவள் வசிக்கும் பிரேசர் டவுனில் யாரும் குழம்புவதில்லை.]

முப்பதைத் தாண்டியவள். பகலில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பாள். மாலையில் யூடியூப் நேரலை. ஆடுவதற்கே பலர் பயப்படும் விளையாட்டுகளைத் தமிழில் பேசிக்கொண்டே ஆடுவாள். ஒரே ராட்சசனிடம் மாதக்கணக்கில் தோற்றவள். ஒவ்வொரு முறையும் "பரவால்ல, இப்ப அவன் எடது கைய எப்ப தூக்குவான்னு தெரிஞ்சிடுச்சு" என்று சிரித்து, கடைசியில் அவனைச் சாய்த்தவள். நானாக இருந்தால் இரண்டாம் நாளே மூட்டை கட்டியிருப்பேன்.

பார்ப்பவர்கள் கேட்டார்கள் என்று ஒருநாள் அந்த எருமை விளையாட்டைத் திறந்தாள். எருமைக்கு அடிபடாது. நேரம் தீராது. புள்ளி கிடையாது. போலீஸ்காரரின் தொப்பியைத் தின்றால் அவரும் சேர்ந்து சிரிப்பார். பெட்டியின் முகம் கறுத்தது.

"இதுல தோக்கவே முடியாதா? அப்போ இது கேமே இல்ல. இத செஞ்சவங்க நம்மளக் கேலி பண்றாங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை அவளுடைய ரசிகர்களில் சிலர், விளையாட்டை உருவாக்கிய இளவேனிலின் பக்கத்துக்கே போய்ச் சொன்னார்கள். இளவேனிலின் முகத்தைப் பற்றி, அவள் அம்மாவைப் பற்றி. சில நாளில் இளவேனில் விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

3

'பெட்டி வெற்றிப் புன்னகையோடு...'

இல்லை. அவள் புன்னகைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் இளவேனிலுக்குச் செய்தி அனுப்பினாள்: நேரில் பார்க்கலாமா? தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து, இளவேனில் வரச்சொன்ன மல்லேஸ்வரம் காபிக் கடைக்குப் போனாள்.

இளவேனில் ஓசூர்ப் பக்கத்துப் பெண். இங்கே ஐடி கம்பெனியில் வேலை. பெட்டி உட்கார்ந்ததுமே இளவேனில் கேட்டாள்:

"அக்கா, என் எருமை உங்கள என்ன பண்ணிச்சு?"

பெட்டி காபியைத் தொடவில்லை.

"கழுத வயசாச்சு, இன்னும் பொம்மை விளையாட்டான்னு எங்க வீட்ல கேப்பாங்கம்மா. இல்ல, இதுக்கும் மூளை வேணும், உழைப்பு வேணும்னு காட்டுனேன். கிளினிக்ல உன்னால இது முடியுமான்னு என்னை யாரும் கேட்டதில்ல. டோக்கன் குடுத்தா போதும். அந்த ராட்சசன் ஒருத்தன்தான் கேட்டான். உன் எருமை வந்து, அட எல்லாம் பொம்மை விளையாட்டுதான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

இளவேனிலின் குரல் தணிந்தது.

"எனக்கு அப்படியே நேர் எதிர்க்கா. ஆபீஸ்ல எது நின்னுபோனாலும் என் போன்தான் அடிக்கும். நாள் பூரா தோத்துட்டு வீட்டுக்கு வந்தா, அங்கயும் ஒருத்தன் என்னை அடிச்சு சாய்க்கணுமா? யாரும் யாரையும் தோக்கடிக்காத எடம் ஒண்ணு வேணும்னு தோணுச்சு. செஞ்சேன்."

[கட்டுரை என்றால் இங்கே நிறுத்தியிருப்பேன்: ஒருத்திக்குக் கடினம்தான் மரியாதை, இன்னொருத்திக்கு இலேசு. ஆனால் வசவு வாங்கியவளுக்கு விளக்கம் மட்டும் போதுமா?]

4

அன்று மாலையே பெட்டி நேரலைக்கு வந்தாள்.

"எருமை எனக்கு இன்னும் புடிக்கல. ஆனா கோவம் என்னுது, குத்தம் அதோடது இல்ல. அந்தப் பொண்ணு பக்கத்துல அசிங்கமா எழுதுனவங்க போய் அழிங்க. அழிக்க மாட்டேன்னா இந்தப் பக்கம் வராதீங்க."

"சக்கத் அக்கா!" என்று கன்னடத்தில் பாராட்டினார்கள் சிலர். "காசு வாங்கிட்டியா?" என்றார்கள் பலர். பார்ப்பவர்களின் எண்ணிக்கை அவள் கண்ணெதிரே சரிந்தது. அவள் எழுந்து போகவில்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் சொன்னாள். இதை எழுதும்போது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

5

முடிவு, முதல் முயற்சி: எருமை திரும்பி வந்தது, ஊரே கொண்டாடியது. (ஊர் அப்படியெல்லாம் செய்யாது.)

இரண்டாவது: மனம் நொந்த இளவேனில் இனி விளையாட்டே வேண்டாம் என்று... (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

நடந்தது இதுதான். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்கு இளவேனிலிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, எருமையத் திரும்ப ஏத்தப்போறேன். உங்களுக்காக, தோத்துப்போற மாதிரி ஒரே ஒரு லெவல் சேக்கட்டுமா?"

பெட்டி சேர்க்கச் சொன்னால், யாரும் தோற்காத அந்த இடத்துக்குள் இளவேனில் தன் கையாலேயே தோல்வியைக் கொண்டுவருவாள். வேண்டாம் என்றால், பெட்டிக்கு அங்கே சாதிக்க எதுவுமே இருக்காது. சும்மா உலாத்த வேண்டியதுதான்.

இளவேனிலின் போனில், பெட்டி ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டும் மூன்று புள்ளிகள் வருகின்றன, மறைகின்றன, மறுபடி வருகின்றன. பெட்டிக்காக நான் தட்டினால் அது மரியாதையில்லை. கையை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். அவள் யோசிக்கட்டும்.